ஆர்எஃப்ஐடி ரீடரைச் சீரியல் கம்பியில் இணைப்பது எப்படி: மூன்று வாரம் தடுமாறியவனின் வழிகாட்டி

எங்கள் தெரு வாசகசாலையில் உறுப்பினர் வருகையைப் பதிய ஆர்எஃப்ஐடி ரீடர் (அட்டையைத் தொடாமலே ரேடியோ அலையால் படிக்கும் கருவி) வைக்கலாம் என்று கூட்டத்தில் வாயைக் கொடுத்தது நான்தான். ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் இழுத்தது. நிரல் எழுத ஒரு மாலைப்பொழுதுதான் ஆனது. மீதி நாளெல்லாம் கம்பியோடும் மின்சாரத்தோடும் தவறான அட்டையோடும் மல்லுக்கு நின்றதில் போனது. நீங்கள் முதல்முறையாக இதில் இறங்குகிறீர்கள் என்றால், கீழே சொல்லும் வரிசையைக் குலைக்காமல் செய்யுங்கள். ஒரு படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் கோத்துவிட்டு, எது கெட்டது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே சொல்வது ஈஎம்-18 என்ற ரீடர் பலகையைப் பற்றி. நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைப்பது இதுதான். ஆன்டெனா உள்ளேயே இருக்கும் சிறிய கறுப்புப் பெட்டி, அடியில் கம்பி கோக்க ஒன்பது பின்கள் (உலோகக் கால்கள்). படித்த எண்ணைச் சீரியல் முறையில், அதாவது ஒரே கம்பியில் பிட் பின் பிட்டாக, அனுப்பும்.

1. கடைக்குப் போகும் முன் அட்டையைப் பாருங்கள்

ஈஎம்-18 படிப்பது 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளை மட்டும். மெட்ரோ ரயில் அட்டை, தட்டிப் பணம் கட்டும் வங்கி அட்டை எல்லாம் 13.56 மெகாஹெர்ட்ஸ். கார் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ். இவை எதையும் இந்த ரீடர் கண்டுகொள்ளாது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை பிளாஸ்டிக்தான், வித்தியாசம் தெரியாது.

ஓர் அடையாளம் உண்டு. 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளின் மேல் பெரும்பாலும் பத்து இலக்க எண் ஒன்றும், அதன் பக்கத்தில் காற்புள்ளி போட்ட இன்னோர் எண்ணும் அச்சிட்டிருக்கும். கடையில் "ஈஎம்4100 அட்டை" என்று கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் ஆர்சி522 என்ற வேறொரு ரீடர் பலகையைக் காட்டி "இது இன்னும் மலிவு" என்பார். அதன் சில்லுக்குச் சீரியல் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பரவலாக விற்கும் சிவப்பு, நீலப் பலகைகளில் எஸ்பிஐ என்ற வேறு வகை இணைப்புக்கு மட்டுமே தடம் போட்டிருக்கிறார்கள். சீரியல் வேண்டும் என்றால் அந்தப் பலகை உங்களுக்கு இல்லை. 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டையைத்தான் படித்தாக வேண்டும் என்றால் பிஎன்532 பலகையைக் கேளுங்கள். சின்ன ஸ்விட்ச்சைத் திருப்பினால் அது சீரியலுக்கு மாறும், வேகம் 115200.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரீடர் கணினிக்குப் பக்கத்திலேயே மேசை மேல் இருக்கப்போகிறது என்றால், யூஎஸ்பி விசைப்பலகை வகை ரீடரை வாங்கிச் செருகுங்கள். அட்டையைக் காட்டினால் எண்ணைத் தானே தட்டச்சு செய்துவிடும். இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. வாசலில் ரீடர், உள்ளே கணினி என்று தூரம் இருப்பவர்கள் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

2. வாங்க வேண்டியவையும் செலவும்

நான் கொடுத்த விலைகள் இவை. கடைக்குக் கடை மாறும், ஏறத்தாழ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஎம்-18 பலகை 350 ரூபாய். யூஎஸ்பியிலிருந்து டிடிஎல் சீரியலாக (0 முதல் 5 வோல்ட் வரையிலான சமிக்ஞை) மாற்றும் சிறு பலகை 150. நீண்ட தூரக் கம்பிக்கான மேக்ஸ்485 சில்லுள்ள பலகை இரண்டு, சேர்த்து 100. நெட்வொர்க் கேபிள் 20 மீட்டர் 400. 12 வோல்ட் அடாப்டர் 150. பிளாஸ்டிக் பெட்டி 100. அட்டை ஒன்று 15 ரூபாய் வீதம் ஐம்பது அட்டைக்கு 750. ஆக, 2,000 ரூபாய். 7805 ரெகுலேட்டர் (12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்குவது), ஜம்பர் ஒயர், சால்டர் போன்றவை சில்லறைச் செலவு.

மல்டிமீட்டர் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். விலை குறைந்ததே போதும். நான் முதல் வாரம் அது இல்லாமல் ஊகத்திலேயே ஓட்டினேன்.

சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். இறக்கிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. ரீடர் பலகையை இரண்டாக வாங்குங்கள். ஒன்று கெட்டுப்போனால் மாற்றிப் பார்க்க வேறு வழி கிடையாது.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

முதலாவது, பில். இந்தப் பலகைகளுக்குக் கடைக்காரர் கொடுக்கும் மாற்று அவகாசம் சில நாட்கள்தான், அதுவும் பில் இருந்தால். வாங்கிய அன்றே நான்காம் படி வரை முடித்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நான் வாங்கி ஒன்பது நாள் கழித்துச் சோதித்தேன். முதல் பலகை பிணம். கடையில் "நீங்கள்தான் எரித்திருப்பீர்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

இரண்டாவது, விவரத்தாள். உங்கள் பலகைக்குரிய தாளை அச்செடுத்து மேசையில் வையுங்கள். பின் வரிசை முதல் பின்னிலிருந்து இப்படி வரும்: 5 வோல்ட், கிரவுண்ட் (0 வோல்ட்), பஸ்ஸர் (பீப் ஒலிக்கு), பயன்படாத இரண்டு, தேர்வு பின் (அனுப்பும் முறையைத் தேர்வது), டிஎக்ஸ் (தகவல் அனுப்பும் பின்), கடைசியில் வீகண்ட் என்ற வேறோர் அனுப்பும் முறைக்கான இரண்டு. பலகையைக் கவிழ்த்தால் இடம் வலமாகிவிடும் என்பதை மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், அப்படித்தான் கோக்கிறோம்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். எந்த நிறக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று இணைக்கும்போதே எழுதுங்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றால் எழுதவே மாட்டீர்கள்.

4. முதலில் கணினியுடன் மட்டும்

இது அரை மணி நேர வேலை. ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை வேண்டாம், நீண்ட கம்பி வேண்டாம், பஸ்ஸரும் வேண்டாம்.

ரீடரைத் தொடும் முன் யூஎஸ்பி பலகையைச் சோதியுங்கள். அதன் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் (பெறும் பின்) இரண்டையும் ஒரே கம்பியால் இணைத்துவிட்டு, புட்டி போன்ற டெர்மினல் மென்பொருளைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வந்தால் பலகையும் அதன் டிரைவரும் சரி. வரவில்லை என்றால் ரீடரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிஎச்340 சில்லுள்ள பலகை என்றால் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். லினக்ஸ் கணினியில் அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

இப்போது அந்தக் கம்பியை எடுத்துவிட்டு ரீடரைக் கோக்கலாம். மொத்தம் நான்கு கம்பிகள். ரீடரின் 5 வோல்ட் பின்னுக்கு யூஎஸ்பி பலகையின் 5 வோல்ட். கிரவுண்டுக்குக் கிரவுண்ட். ரீடரின் டிஎக்ஸ், யூஎஸ்பி பலகையின் ஆர்எக்ஸுக்கு. நான்காவதுதான் எல்லோரும் விடுவது: தேர்வு பின்னை 5 வோல்ட்டில் கட்ட வேண்டும். அது உயர்நிலையில் இருந்தால் சீரியல், தாழ்நிலையில் இருந்தால் வீகண்ட். அதைக் கிரவுண்டில் கட்டிவிட்டால் ரீடர் அட்டையைப் படிக்கும், டிஎக்ஸ் வழியே மட்டும் ஒன்றும் வராது. எனக்கு இதில் இரண்டு மாலை போயின.

டெர்மினல் அமைப்பு: வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. அட்டையைக் காட்டினால் பன்னிரண்டு எழுத்துகள் வரும். வரி முடிவுக் குறி எதையும் ஈஎம்-18 அனுப்புவதில்லை. அதனால் அடுத்தடுத்த அட்டைகளின் எண்கள் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது கோளாறு அன்று.

ஒரு பெரிய பொறி இங்கே இருக்கிறது. விவரத்தாள்களிலும் கடைப் பட்டியல்களிலும் இதன் வெளியீட்டை "ஆர்எஸ்-232" என்று எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள். வருவது 0 முதல் 5 வோல்ட் வரையிலான டிடிஎல் சமிக்ஞை. பழைய கணினிகளின் பின்புறம் உள்ள ஒன்பது பின் போர்ட்தான் உண்மையான ஆர்எஸ்-232. அதில் நேர், எதிர் இரண்டு மின்னழுத்தமும் வரும், பிட்டுகளும் தலைகீழாக இருக்கும். ரீடரை நேராக அதில் செருகினால் திரையில் குப்பை எழுத்துகள்தான் வரும். அந்த போர்ட்டின் அனுப்பும் பின் தவறிப்போய் ரீடரில் பட்டால் பலகையே போய்விடும். அந்த போர்ட்தான் வேண்டும் என்றால் நடுவில் மேக்ஸ்232 மாற்றிப் பலகை கட்டாயம்.

எது எது என்று சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது டிடிஎல் கம்பி கிரவுண்டுக்கு எதிராக 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஆர்எஸ்-232 எதிர்மறை எண்ணைக் காட்டும். பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

5. வரும் எண்ணைப் படிப்பது

திரையில் 270064855294 என்று வருகிறது, அட்டை மேல் 0006587730 என்றும் 100,34130 என்றும் அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும். நான் ரீடர் தப்பாகப் படிக்கிறது என்றே முடிவு கட்டினேன். அதற்குக் காரணமும் இருந்தது. வருவது பதினாறடிமான எண், அதில் முதல் ஆறு ஆங்கில எழுத்துகளும் வரக்கூடும். என் முதல் அட்டையில் எழுத்தே இல்லை, வெறும் இலக்கங்கள். அதைத் தசம எண் என்று நினைத்து ஏமாந்தேன்.

பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு இடங்கள், 27, அட்டை வரிசையின் குறி. அடுத்த எட்டு இடங்கள், 00648552, அட்டையின் எண். கணினியிலுள்ள கால்குலேட்டரை நிரலாளர் முறைக்கு மாற்றி, இதைப் பதினாறடிமானத்தில் இட்டுத் தசமமாக்கினால் 6587730. அட்டை மேல் உள்ள அதே எண். நடுவில் உள்ள 64 தசமத்தில் 100, 8552 தசமத்தில் 34130. காற்புள்ளி எண்ணும் பொருந்திவிட்டது.

கடைசி இரண்டு இடங்கள், 94, சரிபார்ப்புக்கு. முதல் பத்து இடங்களை இரண்டிரண்டாகப் பிரித்து, 27, 00, 64, 85, 52 ஐந்தையும் எக்ஸார் செய்தால் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்தால் 0) 94 வர வேண்டும். வராவிட்டால் அந்த வாசிப்பைத் தூக்கிப் போடுங்கள். இதை நிரலில் சேர்க்காமல் விடுபவர்கள் நிறைய. மேசை மேல் சோதிக்கும்போது அது இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வாசலுக்குக் கம்பி இழுத்த பிறகுதான் இதன் அருமை தெரியும்.

ஆர்டிஎம்6300 என்ற பலகையையும் இதே இடத்தில் பயன்படுத்தலாம். ஆனால் அது பதினான்கு பைட் அனுப்பும். தொடக்கத்தில் மதிப்பு 2 கொண்ட ஒரு பைட், முடிவில் மதிப்பு 3 கொண்ட ஒரு பைட், நடுவில் அதே பன்னிரண்டு எழுத்துகள். ஒரு பலகைக்கு எழுதிய நிரலை இன்னொன்றுக்கு அப்படியே போட்டால் எல்லா எண்ணும் ஓர் இடம் தள்ளிப் போகும்.

6. நிரலில் இரண்டு எச்சரிக்கைகள்

9600 வேகத்தில் ஒரு பைட்டுக்குப் பத்து பிட் என்று கணக்கிட்டால், பன்னிரண்டு எழுத்துகள் வந்து சேர 12.5 மில்லிவிநாடி ஆகும். உங்கள் நிரல் முதல் எழுத்தைக் கண்டவுடன் "வந்தது இவ்வளவுதான்" என்று படித்தால் பாதி அட்டைதான் கிடைக்கும். பன்னிரண்டு சேரும் வரை காத்திருங்கள். 50 மில்லிவிநாடிக்குள் சேராவிட்டால் வந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். இந்த அழித்தல் இல்லாவிட்டால் ஓர் எழுத்து தவறினாலும் அதற்குப் பின் வரும் அத்தனை அட்டைகளும் பிசகும்.

இரண்டாவது, ஒரே அட்டை மூன்று விநாடிக்குள் மறுபடி வந்தால் புறக்கணியுங்கள். ரீடரின் முன் அட்டையைப் பிடித்தபடி கதை பேசுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மறுமுனையில் கணினி இருந்தால் ஆர்டுயினோ தேவையே இல்லை. நான் ஒன்று வாங்கி, பிறகு கழற்றி வைத்துவிட்டேன். நீங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஊனோ பலகையின் 0, 1 பின்களில் ரீடரை வைக்காதீர்கள். யூஎஸ்பிக்கும் அதே பின்கள்தான். ரீடர் கோத்திருக்கும்போது நிரல் ஏறாது. மென்பொருள் சீரியல் நூலகத்தைக் கொண்டு வேறு பின்னில் வையுங்கள். 9600 வேகத்துக்கு அது போதும்.

ராஸ்பெர்ரி பை, ஈஎஸ்பி32 போன்ற சிறு கணினிப் பலகைகள் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவற்றின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட்டை நேராகக் கொடுக்காதீர்கள். டிஎக்ஸ் கம்பியில் 1 கிலோ ஓம், அதன் பிறகு கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் வைத்தால் 3.3 வோல்ட் கிடைக்கும். ராஸ்பெர்ரி பையின் அமைப்புக் கருவியில் சீரியல் பற்றி இரண்டு கேள்விகள் வரும். உள்நுழைவுத் திரை சீரியலில் வேண்டுமா என்றால் வேண்டாம், சீரியல் வன்பொருள் வேண்டுமா என்றால் வேண்டும். இரண்டுக்கும் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒருநாள் முழுக்கத் தேடாதீர்கள்.

7. வாசல் வரை கம்பி இழுப்பது

எங்கள் வாசலிலிருந்து மேசைக்கு 18 மீட்டர். முதலில் டிடிஎல் கம்பியையே நீட்டினேன். பகலில் நன்றாக வேலை செய்தது. மாலையில் குழல் விளக்கைப் போட்டதும் சரிபார்ப்பு எண் தவற ஆரம்பித்தது. டிடிஎல்லை ஓரிரு மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. ஆர்எஸ்-232 என்றால் 15 மீட்டர் என்பது வழக்கமான எல்லை. ஆர்எஸ்-485 (இரண்டு கம்பிகளின் மின்னழுத்த வேறுபாட்டால் தகவல் அனுப்பும் முறை, மேக்ஸ்485 பலகை அதற்குத்தான்) என்றால், இந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகலாம். ஒரு பலகை 50 ரூபாய்தான், யோசிக்காமல் ஆர்எஸ்-485-க்குப் போய்விடுங்கள்.

மேக்ஸ்485 பலகையில் அனுப்புவதா பெறுவதா என்று முடிவு செய்ய டிஈ, ஆர்ஈ என்று இரண்டு பின்கள் உண்டு. அவற்றை நிரலால் மாற்றி மாற்றி இயக்கும் பாடங்களைப் பார்த்து மிரளாதீர்கள். நம் ரீடர் பேசுமே தவிர கேட்காது. ஆகவே ரீடர் பக்கத்துப் பலகையில் இரண்டையும் 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள், எப்போதும் அனுப்பும். கணினிப் பக்கத்துப் பலகையில் இரண்டையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள், எப்போதும் பெறும். ரீடரின் டிஎக்ஸ், இந்தப் பக்கம் டிஐ (உள்ளீடு) பின்னுக்கு. அந்தப் பக்கம் ஆர்ஓ (வெளியீடு) பின்னிலிருந்து யூஎஸ்பி பலகையின் ஆர்எக்ஸுக்கு. இரண்டு 485 பலகைகளுக்கும் நடுவே ஏ-க்கு ஏ, பி-க்கு பி. எண்கள் குப்பையாக வந்தால் முதலில் ஏ, பி இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நெட்வொர்க் கேபிளில் முறுக்கிய இணைகள் நான்கு இருக்கும். ஏ, பி இரண்டும் ஒரே இணையில் போக வேண்டும். ஒரு நிறத்திலிருந்து ஒன்று, இன்னொரு நிறத்திலிருந்து ஒன்று என்று எடுத்தால் முறுக்கியதற்குப் பொருளே இல்லை. கிரவுண்டையும் கூடவே கொண்டுபோங்கள். பெறும் முனையில் ஏ, பி நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். பல பலகைகளில் அதைப் பதித்தே விற்கிறார்கள்.

அடுத்து மின்சாரம். செம்பு நெட்வொர்க் கேபிளின் ஒரு கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.084 ஓம் தடை. போக வர 36 மீட்டர் என்றால் 3 ஓம். ரீடர், 485 பலகை, பஸ்ஸர் எல்லாம் சேர்ந்து 100 மில்லியாம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி என்றால் இன்னும் மோசம். ஆகவே 5 வோல்ட்டை இங்கிருந்து அனுப்பாமல், 12 வோல்ட்டை அனுப்பி, ரீடர் பெட்டிக்குள் 7805 ரெகுலேட்டர் வைத்து 5 வோல்ட் ஆக்குங்கள். அது 0.7 வாட் வெப்பத்தை விடும், சிறிய உலோகத் தகடு ஒன்றை மாட்டினால் போதும். மலிவான கைபேசி சார்ஜரை ரீடருக்கு நேராகக் கொடுத்தபோது படிக்கும் தூரம் பாதியாகக் குறைந்தது. அதன் மின் இரைச்சல் 125 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே விழக்கூடியது.

பஸ்ஸரைப் பின்னில் நேராகக் கோக்காதீர்கள். விவரத்தாளில் உள்ள டிரான்சிஸ்டர் சுற்றை அப்படியே செய்யுங்கள்.

8. பொருத்தும் இடம்

மேசை மேல் எனக்கு எட்டு சென்டிமீட்டர் தூரத்தில் படித்தது. வாசலின் இரும்புக் கதவுச் சட்டத்தில் திருகியதும் ஒட்டிவைத்தால்தான் படித்தது. உலோகம் ஆன்டெனாவின் காந்தப்புலத்தைத் தின்றுவிடும். பக்கத்துச் சுவரில், மரக்கட்டை மேல், பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்த பிறகு சரியானது. துளை போடும் முன் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒருநாள் பாருங்கள். இரண்டு ரீடர் வைப்பவர்கள் அவற்றை அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். அருகருகே இருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும்.

9. அட்டைகளைக் கொடுப்பது

ஒவ்வோர் அட்டையையும் ரீடரில் காட்டி, வரும் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்ட பிறகே ஆளிடம் கொடுங்கள். ஐம்பது அட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் வாங்கிய ஐம்பதில் இரண்டு அட்டைகளை ரீடர் படிக்கவே இல்லை.

இந்த அட்டைகளை நகலெடுப்பது மிக எளிது. மலிவான கருவியும் வெற்று அட்டையும் போதும், சில விநாடி வேலை. வருகைப் பதிவுக்கு இது பரவாயில்லை. பணப் பெட்டிக்கோ இரவுப் பூட்டுக்கோ இதை மட்டும் நம்பி வைக்கக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். எங்கள் செயலாளர் கேட்டார், நான் சொல்லிவிட்டேன்.

கால அளவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய அன்று நான்காம் படி வரை. நிரலுக்கு ஒரு மாலை. கம்பி இழுத்துப் பெட்டி மாட்ட ஒரு முழு நாள், ஏணி பிடிக்க ஓர் ஆளோடு. பிறகு பழைய கையெழுத்து நோட்டையும் ஒரு வாரம் கூடவே வைத்திருங்கள். எங்களுக்கு நான்காம் நாள் மின்தடைக்குப் பிறகு கணினி யூஎஸ்பி பலகைக்கு வேறு போர்ட் எண்ணைக் கொடுத்துவிட்டது. அன்று காலை வந்தவர்கள் எல்லோரும் அந்த நோட்டில்தான் இருக்கிறார்கள்.